எல்லாம் ஸ்பெக்குக்குள்ளதான் சார் இருக்கு

கேமிங் மானிட்டர் வாங்கினவனுக்கு வருகிற தொல்லையில் பாதி, அந்தத் தொல்லையை இன்னொருவர் கண்ணுக்குக் காட்டுவதிலேயே போய்விடுகிறது. திரையில் ஆள் ஓடுகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு வால் இழுபடுகிறது. இருட்டுச் சந்தில் நுழைந்து சட்டென்று திரும்பினால் சுவரும் கதவும் படிக்கட்டும் ஒன்றோடு ஒன்று ஈஷிக்கொள்கின்றன. லோடிங் திரை வந்தால் சாம்பல் நிறம் படபடவென்று துடிக்கிறது. இதையெல்லாம் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தானடா இருக்கு, எவ்ளோ பெரிசா இருக்கு பாரு" என்றாள். வாங்கிய கடையில் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி" என்றார் கடைக்காரர். கடைசியில் கம்பெனி சர்வீஸிலிருந்து ஒரு பையன் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மரியாதையாகத்தான் சொன்னான்: "எல்லாம் ஸ்பெக்குக்குள்ளதான் சார் இருக்கு."

எனக்கு வேலை ராயபுரத்தில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். வீடு திருவொற்றியூர். தேரடியில் இறங்கிக் கடல் பக்கமாக நடக்க வேண்டும். பகலெல்லாம் கன்டெய்னர் பேப்பரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன், ராத்திரி சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். கெட்ட பழக்கம் வேறு எதுவும் கிடையாது. இதற்காகக் காசு சேர்த்து வாங்கியதுதான் இந்த 27 அங்குல, வளைந்த, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

அந்த வாலுக்கு கேமர்கள் வைத்திருக்கிற பெயர் கோஸ்டிங். எல்சிடி திரையில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் திரவப் படிகம் இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அது திரும்பும். எவ்வளவு திரும்புகிறதோ அந்த அளவுக்குப் பின்னாலிருக்கிற விளக்கின் வெளிச்சம் வெளியே வரும். திரும்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதுதான் சிக்கல். 165 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கிற நேரம் 6 மில்லி நொடி, கொஞ்சம் சில்லறை. அதற்குள் திரும்பி முடிக்காத பிக்சல், அடுத்த படம் வந்த பிறகும் பழைய படத்தின் மிச்சத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். விஏ வகைப் பேனலில் முழுக் கறுப்பிலிருந்து அடர்ந்த சாம்பலுக்கு மாறுவதுதான் இருப்பதிலேயே மெதுவான வேலை. அதனால் வெயில் அடிக்கிற மைதானத்தில் ஆடினால் ஒன்றும் தெரியாது. இருட்டில் ஆடினால்தான் ஆட்டம் காட்டும். என்னுடையது விஏ. "கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். பொய் இல்லை. போகச் சொன்னாலும் போகாத கறுப்பு.

இதற்கு மருந்தாக ஓவர்டிரைவ் என்று ஒன்றை மெனுவில் வைத்திருக்கிறார்கள். தேவைக்கு மேல் அழுத்தம் கொடுத்துப் பிக்சலை விரட்டுவது. விரட்டினால் ஓடத்தான் செய்யும். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஸ்டாப்பிங்கைத் தாண்டி முப்பதடி தள்ளிப் போய் பிரேக் போடுகிற மாநகரப் பேருந்துதான் அது. அப்போது கறுப்பு வால் போய் வெள்ளை வால் வரும். ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒரு வெளிறிய நிழல், அதுவும் அசல் நிறத்துக்கு எதிர் நிறத்தில். நார்மல், ஃபாஸ்ட், ஃபாஸ்டஸ்ட் என்று மூன்று நிலை. நார்மலில் கறுப்பு வால். ஃபாஸ்டஸ்டில் வெள்ளை வால். நடுவில் இருப்பதில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

இதோடு விட்டால் பரவாயில்லை. 2013-ல் கிராஃபிக்ஸ் கார்டு செய்கிற என்விடியா ஜி-சிங்க் கொண்டுவந்தது. மறு வருஷம், திரைகளுக்குத் தரம் வகுக்கிற வெசா அமைப்பு அடாப்டிவ் சிங்க்கைப் பொதுத் தரமாக்கியது. இரண்டிலும், கார்டு எப்போது படம் கொடுக்கிறதோ அப்போது திரை புதுப்பித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் படம் நடுவில் வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி ஒரு பக்கமுமாக நிற்கிற டேரிங் என்கிற இம்சை இருந்தது. அது ஒழிந்தது, நல்ல காரியம். ஆனால் ஓவர்டிரைவின் அழுத்தத்தை 165 ஹெர்ட்ஸுக்கு என்று கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். புகை, வெடி, பத்து பேர் என்று காட்சி கனத்ததும் என் கார்டு திணறி 70 ஃப்ரேமுக்கு இறங்கும். திரையும் கூடவே இறங்கும். அழுத்தம் மட்டும் இறங்காது. வேகத்துக்குத் தகுந்தபடி மாறுகிற ஓவர்டிரைவும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. விலை கூடின மானிட்டர்களில்.

படபடப்பு தனிக் கதை. இரண்டு புதுப்பிப்புக்கு நடுவில் பிக்சலில் ஏற்றின மின்னழுத்தம் துளித்துளியாகக் கசியும். இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் கசிவும் ஒரே மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால் வெளிச்சமும் மாறும். பல மானிட்டர்களில் அடாப்டிவ் சிங்க்கின் கீழ் எல்லை 48 ஹெர்ட்ஸ். ஃப்ரேம் அதற்குக் கீழே போனால் அதே படத்தை இரண்டு தடவை காட்டிச் சமாளிப்பார்கள். லோடிங் திரையில் ஃப்ரேம் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழுமாகத் தாவும். அந்தச் சமயத்தில் அறையில் யாராவது இருந்தால் ட்யூப்லைட் போகப் போகிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெட்டியில் இருப்பதெல்லாம் கொட்டை எழுத்தில் '1 மில்லி நொடி'. இந்த 1 எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்குப் போகிற நேரத்தை அளக்கிறார்கள். அதிலும் முதல் பத்து சதவீதத்தையும் கடைசிப் பத்து சதவீதத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்தச் சாம்பல் என்று சொல்வதில்லை. வேகமாக வருகிற ஜோடியை எடுத்துக்கொள்ளலாம். ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தும் அளக்கலாம், வெள்ளை வால் எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இன்னொரு வழி, பின்விளக்கை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அணைத்து அணைத்துப் போட்டு, மங்கல் தெரிகிற நேரத்தை 1 என்று எழுதுவது. அந்த வசதியைப் போட்டால் திரை மங்கிப்போகும், அடாப்டிவ் சிங்க்கும் பெரும்பாலும் சேர்ந்து வேலை செய்யாது. அந்த எண்ணை நம்பித்தான் நாம் கடையில் இரண்டு பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது 4, அது 1, அப்போ அதுதான் நல்லது என்று தூக்கிக்கொண்டு வருகிறோம்.

சரி, சர்வீஸுக்கு வருவோம். புகார் பதிவு பண்ணும்போதே முதல் கேள்வி: "எந்த ஏரியா சார்?" திருவொற்றியூர் என்றேன். மறுமுனையில் ஒரு சின்ன இடைவெளி. "அதான் பாத்தேன். அந்தப் பக்கம் வோல்டேஜ் ஒரு மாதிரி இருக்கும் சார். ஸ்டெபிலைசர் போட்டுருக்கீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மானிட்டரோடு வருகிற அடாப்டரின் வயிற்றைத் திருப்பிப் படித்தால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறது. உள்ளே வருவது 230 ஆக இருந்தாலும் 190 ஆக இருந்தாலும் அது வெளியே தருவது ஒரே நேர்மின்சாரம். அழுத்தம் குறைந்தால் பின்னால் வால் முளைக்கும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அப்புறம், கரண்ட்டைப் பற்றி எங்களிடமா பேசுவது! 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடின எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட். வல்லூரில் 1500. பக்கத்தில் வடசென்னை அனல்மின் நிலையம் கட்டம் கட்டமாக. ஊருக்கெல்லாம் கரண்ட்டு இங்கிருந்து போகிறது. கொசஸ்தலை ஆற்றில் படிகிற சாம்பல் எங்களுக்கு, வோல்டேஜ் பழியும் எங்களுக்கு.

கரண்ட்டால் வருகிற கோளாறே இல்லை என்று நான் சொல்லவில்லை. கீழ் வீட்டில் மோட்டார் போட்டால் என் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது. திடீரென்று வருகிற மின்காந்தத் துடிப்பை மலிவான கேபிள் தாங்காமல் சிக்னலை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறது, அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து எழுந்தால்கூட இது நடக்கும். கேஸ் லிஃப்ட் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது கிளம்புகிற துடிப்பில் மானிட்டர் ஒரு கணம் அணையலாம் என்று டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் கேபிளின் தகர முனையைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஒரு கூச்சமும் வரும். இதெல்லாம் வேறு, வால் வேறு. இரண்டையும் ஒரே 'ஏரியா' பையில் போட்டுக் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏரியா என்றால் உப்புக்காற்றைச் சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். மானிட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் எச்டிஎம்ஐ துவாரத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதை நகத்தால் சுரண்டினால் அடியில் லேசான பச்சை. ஸ்டாண்டின் திருகுகள் பழுப்பேறி, ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் பொருபொருவென்று உதிர்கின்றன. காற்றுத் துவாரத்தில் படிவது மற்ற ஊர்த் தூசி மாதிரி பஞ்சாக வராது. சாம்பலும் ஈரமும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக ஒட்டுகிறது. கடலைப் பார்த்த ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் இதே கதிதான். எண்ணூரில் இருக்கிற நண்பன் ஒருவன் கேபினெட்டைத் திறந்து மூன்று மாதத்துக்கொரு தடவை ராம் குச்சிகளின் தங்கக் கால்களை ரப்பரால் அழித்து மாட்டுகிறான். கம்பெனிக்காரர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், துரு. துரு என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் வாடிக்கையாளர் கவனக்குறைவு. வாரன்டி கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரத்தில் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் மானிட்டர்மேல் தண்ணீர் ஊற்றினவர்கள் என்று அர்த்தம்.

எறும்பு ஒன்று புகுந்ததையும் சொல்ல வேண்டும். இருட்டு அறையில் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் வந்து, துவாரம் வழியாக நுழைந்து, கண்ணாடிக்கும் பின்னாலிருக்கிற வெள்ளைத் தாளுக்கும் நடுவில் உலாத்தியது. முதலில் எதிரி என்று நினைத்துச் சுட்டேன். பக்கத்தில் இருந்த மாமா பையன் விரலை நீட்டினான். "டேய், அழுத்தாத!" அழுத்தினால் அங்கேயே நசுங்கி ஆயுசுக்கும் கறுப்புப் பொட்டாக நிற்கும். திரையை அணைத்து, பக்கத்தில் செல்போன் டார்ச்சை எரியவிட்டு, அதுவாக வெளியே வரட்டும் என்று காத்திருப்பது ஒன்றுதான் வழி. எங்களுடையது வரவில்லை. வலது கீழ் மூலையில், தோட்டா எண்ணிக்கை காட்டுகிற இடத்தில் உயிரை விட்டது. இதற்கும் சர்வீஸில் பதில் தயாராக இருந்தது: "அது ஃபாரின் ஆப்ஜெக்ட் சார், வாரன்டில வராது." திருவொற்றியூர் எறும்பு சார் அது, ஃபாரின் எல்லாம் இல்லை.

எறும்பு போகட்டும். பேனலோடு பிறந்த ஒரு பச்சைப் பொட்டும் இருக்கிறது, இடது பக்கம் மேலே. கறுப்புத் திரையில் கண்ணைக் குத்தும். அதற்குத்தான் முதன்முதலில் 'ஸ்பெக்' என்ற சொல்லைக் கேட்டேன். 2001-ல் ஐஎஸ்ஓ 13406-2 என்று ஒரு தரம் வந்தது, பின்னால் 9241 வரிசைக்குள் போய்விட்டது. அதில் பிக்சல் பழுதுக்கு வகுப்பு பிரித்திருக்கிறார்கள். பல கம்பெனிகள் பிடித்துக்கொண்டது இரண்டாம் வகுப்பை. பத்து லட்சம் பிக்சலுக்கு இரண்டு எப்போதும் எரியலாம், இரண்டு செத்துக் கிடக்கலாம், துணைப் பிக்சலில் ஐந்து மக்கர் பண்ணலாம். என் திரையில் 36,86,400 பிக்சல். கணக்குப் போட்டால் ஏழு நட்சத்திரம் மின்னினாலும் அது நல்ல மானிட்டர்தான். எட்டு வந்த பிறகு போன் பண்ணுங்கள் என்கிறார்கள்.

'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று கேட்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. மூக்கு எரிகிறது, கண் எரிகிறது என்று போனால் மீட்டரைக் காட்டுவார்கள். 2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னால், எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வருகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள், பல பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, ஒரு கன மீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாத இடத்தில் 2,090. மீட்டரே ஒத்துக்கொள்வதற்கு அவ்வளவு ஆக வேண்டியிருந்தது. மானிட்டரையும் மூச்சையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாதுதான். ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது.

கேபிள் புராணம் நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். மானிட்டர்காரன் கேபிளை மாற்று என்றான். கேபிள் கடைக்காரன் கார்டைப் பார் என்றான். கார்டுக்காரன் டிரைவரை அழித்துவிட்டுப் போடு என்றான். டிரைவர் போட்டால் விண்டோஸ் அப்டேட் பண்ணு என்றது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 150 ரூபாய்க்கும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் கிடைக்கிறது, 1,500-க்கும் கிடைக்கிறது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மலிவானதில் ஒரு விசேஷம். இருபதாவது கம்பி இரண்டு முனைக்கும் நடுவில் இணைந்திருக்கக் கூடாது என்பது வெசாவின் விதி. சில மலிவுக் கேபிள்களில் அதையும் சேர்த்து விட்டிருப்பார்கள். மானிட்டரிலிருந்து கரண்ட்டு திரும்பக் கம்ப்யூட்டருக்குள் ஏறும். ஆஃப் பண்ணின கம்ப்யூட்டரில் லேசாக விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

பழுதை நிரூபிக்க வீடியோ அனுப்புங்கள் என்றார்கள். செல்போனில் எடுத்தால் வால் தெரியாது. கேமராவின் ஷட்டருக்கும் திரைக்கும் ஒத்துப்போகாமல் குறுக்கே பட்டை பட்டையாக ஓடும், இருக்கிற கோளாறு மறைந்து இல்லாத கோளாறு வரும். இதற்கு எளிய வழி கண்டுபிடித்தவர் பிளர் பஸ்டர்ஸ் இணையதளம் நடத்துகிற மார்க் ரெஜோன். திரையில் ஒரு பறக்கும் தட்டை ஓடவிட்டு, அதே வேகத்தில் கேமராவையும் நகர்த்திப் படம் எடுப்பது. அப்போது கண் பார்க்கிறதைக் கேமராவும் பார்க்கும். தட்டு ஓடுவது நொடிக்கு 960 பிக்சல். என் திரையில் அளந்தால் நொடிக்கு 22 சென்டிமீட்டர் சொச்சம். வெளிநாட்டில் இதற்கென்று தண்டவாளம் வைத்திருக்கிறார்கள். நமக்கெதற்கு தண்டவாளம், கேரம் போர்டு இருக்கிறது. உள்பக்கம் 74 சென்டிமீட்டர், திரையின் அகலம் 60. ஸ்டூல்மேல் போர்டை ஏற்றி, திரைக்கு நேராக வைத்து, போரிக் பவுடர் தூவி, கவரைக் கழற்றின போனை மரச்சட்டத்தில் சாய்த்து ஒரே சீராகத் தள்ள வேண்டும். என் கை நடுங்கும். பக்கத்துத் தெருவிலிருந்து கேரம் ஆடுகிற நண்பனைக் கூட்டிவந்தேன். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கின காசிமா எங்கள் வடசென்னைப் பெண். இந்தப் பக்கத்தில் ஸ்ட்ரைக்கர் பிடித்த கைக்குப் பஞ்சமா? "இன்னா மச்சான், இதுக்குப் போயி" என்றுகொண்டே தள்ளினான் பாருங்கள், வெண்ணெயாக வந்தது படம். தட்டு கூர்மையாக இருக்கிறது, அதன் பின்னால் கறுப்பு வால், அதற்கும் பின்னால் ஒரு வெள்ளைக் கீற்று. கண்ணால் பார்த்தது அப்படியே.

அனுப்பினேன். பதில் வந்தது: வெளியார் சோதனைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இயலாது. கேமராவின் ஷட்டர் வேகமும் காரணமாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு மானிட்டரையே கொண்டுவாருங்கள் என்றார்கள். இதில் எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சல் தனி. நான் பேப்பர் போடுகிற சரக்கில் மானிட்டரும் உண்டு, சுங்கப் பட்டியலில் 8528 என்று தொடங்குகிற எண். 1983-லிருந்து சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் இருக்கிறது, 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, அப்புறம் காட்டுப்பள்ளி. கப்பலில் வருகிற மானிட்டரெல்லாம் எங்கள் தெரு முனையில் லாரி வரிசையில் மணிக்கணக்காக நின்றுவிட்டுத்தான் ஊருக்குள் போகிறது. பழுதானால் பார்க்கிற இடம் மட்டும் அடையாற்றுக்கு அந்தப் பக்கம். அதுவும் வந்த பெட்டியிலேயே, அதே தெர்மோகோலோடு கொண்டுபோக வேண்டும். கட்டில் அடியில் இடம் இல்லாத வீட்டில் ஒரு ஆள் நீளப் பெட்டியை மூன்று வருஷ வாரன்டி முடிகிறவரை எங்கே வைப்பது?

அங்கே அவர்கள் சோதித்தது எப்படி என்று கேளுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள், 60 ஹெர்ட்ஸில். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று வெற்றுத் திரையாகப் போட்டுக் காட்டினார்கள். வெற்றுத் திரையில் எது நகர்கிறது, வால் தெரிவதற்கு? அடாப்டிவ் சிங்க் போடுங்கள், ஃப்ரேமை ஏற்றி இறக்கிக் காட்டுங்கள் என்றேன். "எங்க சிஸ்டத்துல கேம் போட பர்மிஷன் இல்ல சார்." கேமிங் மானிட்டரைக் கேம் போடாமல் சோதிக்கிற இடம். "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்று சீட்டு ஒட்டித் திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்துபோன அந்த சர்வீஸ் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கையில் இருந்த ஃபாரத்தில் 'ஆன் ஆகிறதா', 'கோடு விழுகிறதா', 'உடைசல் உண்டா' என்று கட்டங்கள் இருந்தன. வால் என்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை அவன் எங்கே டிக் பண்ணுவான்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்திலிருந்து குறைந்தாலும் அது குறைபாடுதான் என்கிறது. உதவி எண்ணான 1915-க்கு போன் பண்ணலாம். குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் பொருளுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. எங்களுக்கென்று சென்னை வடக்கு ஆணையமே இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் தெரியாத குறைபாடு என்றால் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் அதில் இடம் உண்டு. பாலில் கலப்படத்துக்கு லேப் இருக்கிறது. 70 ஃப்ரேமில் வருகிற வெள்ளை வாலை அளக்க எந்த லேப்புக்கு அனுப்புவார்கள்?

அளக்க முடியாத விஷயமும் இல்லை இது. 2022-ல் வெசாவே கிளியர்எம்ஆர் என்று ஒரு சான்று கொண்டுவந்தது. நகர்கிற படத்தில் எவ்வளவு தெளிவு, எவ்வளவு மங்கல் என்று அளந்து ஒரு எண் போடுவார்கள். ஓவர்டிரைவை உச்சத்தில் ஏற்றி 1 காட்டுகிற வித்தை அதில் செல்லாது. ஆனால் விருப்பப்பட்டவர்கள் வாங்கிக்கொள்கிற சான்று அது. நம் விலைக்கு வருகிற பெட்டிகளில் தேடிப் பாருங்கள். கொட்டை எழுத்து 1 இருக்கும், டிராகன் படம் இருக்கும், அது இருக்காது.

போன வாரம் வாங்கின கடைக்கே மறுபடி போனேன். இதைத் தள்ளிவிட்டு வேறு பார்க்கலாமா என்றுதான். "ஓஎல்இடி எடுங்க தம்பி, வாலே வராது" என்றார். வராதுதான், பிக்சல் அவ்வளவு வேகம். ஆனால் ஃப்ரேம் ஏறி இறங்கினால் இருட்டுக் காட்சியில் அதுவும் துடிக்கும். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிற தோட்டா எண்ணிக்கை நாளடைவில் திரையில் பதிந்து போகும். விலை என் மானிட்டரைப் போல மூன்று மடங்கு. இதையெல்லாம் சொன்னதும் ஒரு ஐபிஎஸ் வகைப் பேனல் பெட்டியை இழுத்து வைத்தார். அதில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், மூலைகளில் வெளிச்சம் கசியும். பேனலுக்குப் பேனல் கசிவு கூடும் குறையும், நமக்கு எது மாட்டும் என்பது அதிர்ஷ்டம்.

"சரிண்ணா, பிரிச்சு, மாட்டி, இருட்டுப் படம் ஒண்ணு போட்டுக் காட்டுங்க. நல்லா இருந்தா இப்பவே எடுத்துக்கறேன்" என்றேன்.

"சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது தம்பி. பில் போட்டுட்டுப் பிரிக்கட்டுமா?"